உங்களுக்குத் தெரியுமா? உலைக்களமும் மாளிகையும்

சனிக்கு உரிய உலோகம் இரும்பு. திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றித் தானம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தத் திருநள்ளாறு, பக்கத்துச் சுரக்குடி, அம்பகரத்தூர் என்று இந்த வட்டாரம் முழுவதும் எத்தனை அடி தோண்டினாலும் ஒரு கைப்பிடி இரும்புத்தாது கிடைக்காது. எல்லாம் காவிரியும் அரசலாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். இங்கே புழங்கிய கொழு, அரிவாள், மண்வெட்டி, கதவுக் கீல், நங்கூரம் எல்லாவற்றுக்கும் இரும்பு வெளியிலிருந்துதான் வந்தது. அதைத் தாதிலிருந்து எடுத்தவர் யார், அடித்தவர் யார், அந்த லாபத்தில் மாளிகை கட்டியவர் யார்? இந்த இதழின் துணுக்குகள் இந்தக் கேள்விகளைப் பற்றியவை.

ஒரே நாளில் ஓர் உலை

சேலம் கஞ்சமலைப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பு உருக்கியவர்களுக்குக் கட்டடமே தேவைப்படவில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் சில மணி நேரத்தில் களிமண் உலை எழும்பிவிடும். மறுநாள் நெருப்புப் போடலாம். உயரம் மூன்று முதல் ஐந்து அடி. அடி பருத்து, மேலே ஒடுங்கியிருக்கும். இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு மூங்கில் குழல், அவை போய்ச் சேரும் இடத்தில் ஒரு மண்குழாய். ஒரு தோலை அமுக்கும்போது மற்றது காற்றை வாங்கிக்கொள்ளும் என்பதால் காற்று இடைவிடாமல் போகும். தாதை இடித்து, புடைத்து, கல்லை நீக்கிவிட்டுக் கரியோடு மாற்றி மாற்றி மேலிருந்து போடுவார்கள். மூன்று, நான்கு மணி நேரம் கழித்து உலையின் முன்சுவரை இடித்து, செக்கச் செவேல் என்று கனியும் இரும்புக் கட்டியைக் குறட்டால் இழுத்து வெளியே போடுவார்கள். உடனே சம்மட்டி அடி. கசடு தெறிக்கத் தெறிக்க அடித்தால்தான் உள்ளே இருக்கும் நல்ல இரும்பு தேறும்.

இந்த உலைக்கு மதில் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. அதனால்தான் இன்று தேடினால் உலை அகப்படுவதில்லை. சிட்டக் குவியல் மட்டும் அங்கங்கே கிடக்கிறது.

ஆவாரையும் எருக்கும் செய்த எஃகு

உலகம் ‘ஊட்ஸ்’ என்று கொண்டாடிய தென்னிந்திய எஃகின் செய்முறையில் நம் வேலியோரச் செடிகள் இரண்டுக்குப் பங்கு உண்டு. இரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி மண்மூசையில் இடுவார்கள். இரும்பின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியைப் பொடியாக வெட்டிக் கூடச் சேர்ப்பார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிசைந்த களிமண்ணால் வாயை அடைத்துக் காயவைத்து, இருபது இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, கரியால் மூடி, சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே எஃகு வில்லை.

காற்றுப்புகாத மூசைக்குள் ஆவாரைக் குச்சி கரியாகிறது, அந்தக் கரி இரும்புக்குள் ஏறுகிறது, இரும்பு எஃகாகிறது. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரிலும் ஈரோட்டுப் பக்கம் கொடுமணலிலும் இந்த வேலைக்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

கொல்லன் மகன் ஃபாரடே

மின்சார ஆராய்ச்சியால் பேர்பெற்ற மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். மின்சாரத்தில் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்வதற்கு முன், 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தித் தொழிலாளரோடு சேர்ந்து அவர் ஆராய்ந்த பொருள் இந்த இந்திய எஃகுதான். இதே குணமுள்ள எஃகை நாமும் செய்ய முடியுமா என்று விதவிதமான உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள்.

பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்புத் துரை

காரைக்காலுக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டி, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் பரங்கிப்பேட்டை. 1830-ல் இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்கும் ஆலை அங்கேதான் எழுந்தது. நிறுவியவர் ஜொசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராஜதானியில் அதிகாரியாக இருந்தவர். சேலம் பக்கத்தில் வேலை பார்த்தபோது, மேலே சொன்ன மண் உலைகளையும் மூசை எஃகையும் கண்ணால் கண்டவர். வேலையை விட்டார். ராஜதானியில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனி உரிமையையும் அரசாங்கக் கடனையும் வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

தாது சேலத்தில், ஆலை கடற்கரையில். நடுவில் காவிரி. தாதைப் பரிசல்களில் ஏற்றினார்கள். காவிரியில் இறங்கி, கொள்ளிடத்துக்கு மாறி, அங்கிருந்து கான் சாகிப் கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டை. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில்தான் இது நடக்கும். டெல்டா விவசாயி மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருப்பதை நாம் அறிவோம். மேட்டூர் அணையே இல்லாத அந்தக் காலத்தில் ஓர் இரும்பாலை காவிரி வெள்ளத்துக்குக் காத்திருந்தது. பரிசல் தள்ளியவர்கள், தாது இடித்தவர்கள், கரி சுட்டவர்கள் ஒருவர் பெயரும் ஏட்டில் நிற்கவில்லை என்பதை எழுதும்போது எனக்கு மனது கனக்கிறது. அந்த ஆலையைச் சுமந்தவர்கள் அவர்கள்தாம்.

ஆலை மலையாளக் கரையின் பேப்பூருக்கும் கிளை விட்டது. 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதுப் பெயரில், காவிரிக் கரைப் பூலாம்பட்டியிலும் திருவண்ணாமலைப் பக்கத்திலும் உலை வைத்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. 1860-களில் நெருப்பு அணைந்துவிட்டது. 1874-ல் கம்பெனியையே கலைத்தார்கள். வேல்ஸ் நாட்டு மெனாய் நீரிணையில் 1850-ல் திறந்த பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டது என்று பழைய கெசட்டியர் குறிப்புகள் சொல்கின்றன.

காட்டைத் தின்ற உலை

பரங்கிப்பேட்டை ஆலை ஏன் படுத்தது? பல காரணங்கள் இருந்தாலும் முதல் காரணம் கரி. ஒரு டன் இரும்புக்கு மூன்று, நான்கு டன் மரக்கரி வேண்டியிருந்தது. பக்கத்துக் காடு தீர்ந்தது. தூரத்துக் காட்டிலிருந்து கரி வரும்போது வண்டிக்கூலி லாபத்தை விழுங்கியது.

இங்கிலாந்து இந்த இக்கட்டை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கடந்துவிட்டது. 1709-ல் கோல்புரூக்டேல் என்ற ஊரில் ஆபிரகாம் டார்பி நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்கில் இரும்பு உருக்கிக் காட்டினார். அவர் குடும்பத்தின் வீடுகள் உலைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன; இன்றும் போய்ப் பார்க்கலாம். அதே குடும்பம் வார்த்த இரும்புப் பாலம் 1779-ல் செவர்ன் ஆற்றின் மேல் எழுந்தது.

பரங்கிப்பேட்டை ஆலை கரிக்குத் திண்டாடிய அதே மாவட்டத்தில்தான் நெய்வேலி. மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெரிய வந்தது. தெரிந்திருந்தாலும் ஹீத்துக்கு அது உதவியிருக்காது. உலையில் கனத்தைத் தாங்கி நிற்கும் கோக் அந்தக் கரியில் வராது.

கொல்லன் தெருவில் ஊசி விற்றவர்

ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டிலேயே கடை விரித்தார். 1839-ல் ஒரு காப்புரிமை எடுத்தார்: எஃகு உருக்கும்போது மூசையில் கொஞ்சம் மாங்கனீசுக் கலவை சேர்ப்பது. அதனால் மலிவான இரும்பிலிருந்தும் நன்றாக ஒட்டவைக்கக்கூடிய எஃகு கிடைத்தது. விலை சரசரவென்று இறங்கியது. ஊரே அவர் வழிக்கு வந்தது. பணம் மட்டும் வரவில்லை. கலவையைத் தனியாகச் செய்து வாங்குவதற்குப் பதில், மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் நேரே மூசையில் போட்டாலே அதே பலன் என்று ஊர் எஃகுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். பத்திரத்தில் இப்படி எழுதவில்லையே என்று வாதாடினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1851-ல் ஹீத் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

எகிப்தின் பெரிய கல்தூண்களைச் செதுக்கிய உளி இந்திய எஃகாக இருக்கலாம் என்று அச்சில் எழுதியவரும் இவர்தான். அதற்குச் சான்று இல்லை. ஆனாலும் சேலத்து உலைக்காரர்களின் கைத்திறனில் அந்த மனிதருக்கு இருந்த மதிப்பு அதில் தெரிகிறது.

இரும்பு உருண்டையும் பூமியின் வயதும்

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. நடுவில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1763 உடன்படிக்கைக்குப் பின் மறுபடியும் பிரெஞ்சுக் கொடி. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1768 வாக்கில், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் மோன்பார் ஊருக்குப் பக்கத்தில் பஃபோன் பிரபு என்ற இயற்கை அறிஞர் தம் சொந்த நிலத்தில் ஓர் இரும்பாலை கட்டினார். விலங்குகள், பறவைகள், தாதுக்கள் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதி உலகப் புகழ் பெற்ற அதே பஃபோன்.

உருகிய இரும்பு ஓடிவரும் காட்சியை விருந்தினர் நின்று பார்ப்பதற்கென்றே ஆலைக்குள் அகலமான படிக்கட்டு வைத்தார். ஆற்றுநீர் உருட்டும் சக்கரங்கள் துருத்தியையும் சம்மட்டியையும் ஓட்டின. ஆலையோடு சேர்ந்து தொழிலாளர் குடியிருப்பு.

அவருடைய சோதனைதான் இன்னும் சுவாரசியம். அரை அங்குலத்திலிருந்து ஐந்து அங்குலம் வரை பத்து இரும்பு உருண்டைகளைச் செய்து, வெண்சூடு ஏற்றி, கையில் எடுக்கும் அளவுக்கு ஆற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார். சின்ன உருண்டைக்கு இவ்வளவு, பெரிய உருண்டைக்கு இவ்வளவு என்றால் பூமி அளவு உருண்டைக்கு எவ்வளவு? 1778-ல் அவர் அச்சிட்ட விடை: ஏறக்குறைய 75,000 ஆண்டுகள். இன்றைய கணக்கான 454 கோடி ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண். ஆனால் அன்றைய ஐரோப்பாவில் பெரும்பாலோர் ஆறாயிரம் ஆண்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பூமியின் வயதை வேதநூலில் தேடாமல் உலைக்களத்தில் தேடினார் என்பதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

கண்ணாடிச் சூளை நாடக அரங்கானது

பிரான்சின் ல க்ரூசோ ஊரில் 1836-ல் ஷ்னைடர் சகோதரர்கள் இரும்பாலையை வாங்கினார்கள். குடியிருக்க அவர்கள் எடுத்துக்கொண்டது, ராணி மரி அந்துவானெத்துக்காக நிறுவிய பழைய பளிங்குக் கண்ணாடித் தொழிற்சாலையை. முற்றத்தில் கூம்பு வடிவில் இரண்டு பெரிய கண்ணாடிச் சூளைகள் நின்றன. அவற்றில் ஒன்றைக் கோயிலாக்கினார்கள், மற்றதை நாடக அரங்காக்கினார்கள். அந்த மாளிகை இப்போது ஊராருக்குச் சொந்தம், உள்ளே அருங்காட்சியகம். 1877-ல் ஓடத் தொடங்கிய 100 டன் நீராவிச் சம்மட்டி ஊர் நுழைவாயிலில் சின்னமாக நிற்கிறது.

கிப்ளிங் குடியிருந்த வீடு

மும்பையில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் 1902-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வாங்கிய வீட்டின் பெயர் பேட்மன்ஸ். முகப்பில் 1634 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. அந்த வட்டாரத்து இரும்புத் தொழில் அதிபர் ஒருவர் கட்டிய வீடு என்பது வழிவழியாக வரும் செய்தி. சசெக்ஸ் காடுகளின் ஓக் மரம் கரியாகி, அந்தக் கரியில் வார்த்த பீரங்கிகள் கப்பல் ஏறின. சம்மட்டியை ஓட்டத் தண்ணீர் தேக்கிய குளங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. பெயர் ‘சம்மட்டிக் குளம்’. இரும்பு வேலை நின்று இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போது மீன் பிடிக்கிறார்கள்.

72 அறை, கீழே நெருப்பு

இரும்பு அதிபர் வீடு என்றால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது வேல்ஸ் நாட்டு மெர்த்தர் டிட்வில் ஊரின் சைஃபார்த்வா கோட்டை. வில்லியம் க்ராஷே 1824-25-ல் கட்டினார். வரைந்தவர் ராபர்ட் லூகர். செலவு 30,000 பவுண்டு, அறைகள் 72. ‘இவ்வளவு ஆடம்பரம் எதற்கு?’ என்று அவர் தந்தையே கோபித்துக்கொண்டார். கோட்டை மாடியில் நின்றால் பள்ளத்தாக்கில் அவருடைய உலைகள் வரிசையாகத் தெரியும். இரவில் வானம் சிவந்திருக்கும். அந்தக் காட்சிக்காகவே விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டுவாராம்.

அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வெந்தவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1831 மே மாதம் க்ராஷே கூலியைக் குறைத்தார். கடனுக்காக வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யும் நீதிமன்றத்தின் கொடுமை வேறு. ஜூன் தொடக்கத்தில் ஊர் கொதித்து எழுந்தது. தொழிலாளர் கிளர்ச்சியில் செங்கொடி உயர்ந்த முதல் நிகழ்ச்சிகளில் இதையும் சேர்த்துச் சொல்வார்கள். ராணுவம் சுட்டதில் பலர் செத்தார்கள். படைவீரர் ஒருவரைக் குத்தினார் என்று சொல்லி டிக் பெண்டரின் என்ற இளம் தொழிலாளியை ஆகஸ்ட் 13 அன்று கார்டிஃபில் தூக்கிலிட்டார்கள். ஊரார் ஆயிரக்கணக்கில் மனு கொடுத்தும் பயனில்லை. அவர் நிரபராதி என்பதே வேல்ஸ் மக்களின் நம்பிக்கை.

வில்லியமின் மகன் ராபர்ட் க்ராஷே 1879-ல் இறந்தார். அவர் கல்லறை மேல் ஒரு பெரும் பாறைப் பலகை; அதில் பெயருக்கும் தேதிக்கும் கீழே ‘கடவுளே, என்னை மன்னியும்’ என்ற வாசகம். பிறகு நகராட்சி கோட்டையை வாங்கியது. இன்று அருங்காட்சியகம்; முன்பு ஊர்ப் பிள்ளைகள் படித்த பள்ளியும் அங்கே நடந்தது.

நாகையிலிருந்து பொன்மலைக்கு

நம் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இரும்போடு மல்லுக்கட்டிய இடம் நாகப்பட்டினம் ரயில்வே பட்டறை. நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு 1861-62-ல் ரயில் ஓடத் தொடங்கியது. எஞ்சினைப் பிரித்துப் பூட்ட, சக்கரம் கடைய, கொதிகலனுக்குத் தகடு அடிக்க ஆள் வேண்டுமே. பரம்பரைக் கொல்லர்களும் தச்சர்களும் சங்கு ஊதினால் உள்ளே போய் சங்கு ஊதினால் வெளியே வரும் புதிய வாழ்க்கைக்குப் பழகினார்கள். 1898-ல் பேரளம்–காரைக்கால் பாதை போட்ட பிறகு நம் ஊர்க்காரர்களுக்கும் இந்த ரயில் உலகம் பக்கமாயிற்று.

பிறகு திருச்சிக்கு அருகே பொன்மலையில் புதுப் பட்டறை கட்டி, வேலையை அங்கே கொண்டுபோனார்கள். 1928-ல் ஆள்குறைப்பு, யாரை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ய, இருபது முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கும் திறமைத் தேர்வு. ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. நாகை, பொன்மலை, போத்தனூர் மூன்றும் கொதித்தன. முன்னின்ற சிங்காரவேலரைச் சிறையில் அடைத்தார்கள். நாகைக்குப் பட்டறை திரும்பவில்லை. இந்தக் கதையைப் பள்ளிப் பாடத்தில் நாகை, காரைக்கால் பிள்ளைகளுக்காவது ஒரு பக்கம் சொல்ல வேண்டும்.

ஆழித்தேரின் இரும்புக்கால்

திருவாரூர் ஆழித்தேர் இருபது ஆண்டுக்கு மேல் ஓடாமல் நின்று, 1970-ல் மறுபடி ஓடியது. அதற்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் செய்து கொடுத்தது திருச்சி திருவெறும்பூர் பெல் நிறுவனம். அனல்மின் நிலையக் கொதிகலன் செய்கிற அதே கைகள். பின்னால் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது.

வண்டிக்குப் பட்டா போடுவது

டெல்டா ஊர்களில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரச்சக்கரத்தின் சுற்றளவை முதலில் அளப்பார் ஆசாரி. பட்டாவை அதைவிடக் கொஞ்சம் சின்ன வளையமாகத்தான் வளைத்து ஒட்டுவார். எவ்வளவு சின்னதாக என்பதுதான் வித்தை: வளையம் பெருத்தால் பட்டா கழன்று ஓடும், மிகவும் சிறுத்தால் வட்டை நொறுங்கும். தரையில் வளையத்தைக் கிடத்தி, சுற்றிலும் வரட்டியும் சிராயும் அடுக்கிக் கொளுத்துவார்கள். சூட்டில் இரும்பு விரியும். சிவந்ததும் இரண்டு மூன்று பேர் குறட்டால் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குவார்கள். மரம் பற்றி எரியத் தொடங்கும் அந்த நொடியில் குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்க, ஆரக்கால் ஒவ்வொன்றும் சக்கரக் குடத்துக்குள் இறுகும் ‘நறநற’ சத்தம் கேட்கும். ஆணி ஒன்றுகூட இல்லாமல் சக்கரம் முழுவதும் ஒரே பிடியாக நிற்கும்.

இந்த வேலைக்குக் கூலி அன்றன்று காசாக வராது. அறுவடை நாளில் களத்துமேட்டில் கொல்லருக்கும் தச்சருக்கும் நெல் அளப்பார்கள். விளைச்சல் பொய்த்தால் பட்டறைக்காரர் வீட்டிலும் அடுப்பு பொய்க்கும். டயர் வண்டியும் டிராக்டரும் வந்தபின் பட்டா போடும் வேலை போயிற்று. கருக்கரிவாளுக்குப் பல் வெட்டுவதும் மண்வெட்டி தட்டுவதும் மட்டும் மிச்சம்.

சிவகளைத் தாழியில் கிடைத்தது

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புப் பொருட்களோடு சேர்ந்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட தொல்லியல் அறிக்கை சொல்கிறது. அதற்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்குக் கிடைத்த காலம் கி.மு. 2172. வேறு நாட்டு ஆய்வாளர்கள் இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்க்கட்டும். நம் பக்கத்துப் பழைய சிட்டக் குவியல்களை ரோடு போட அள்ளிக்கொண்டு போகாமல் அதுவரை காப்பாற்ற வேண்டும்.

சேலம் உருக்காலையில் கஞ்சமலை இரும்பா?

இல்லை. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. கஞ்சமலை கண்ணுக்கு எதிரே நிற்கிறது. ஆனால் ஆலையில் உருள்வது வெளியிலிருந்து வாங்கிய மூலப்பொருளில் ஆன துருப்பிடிக்காத எஃகு. நாம் சில்லறையாகப் புழங்கும் நாணயங்களுக்கான எஃகுத் தகடும் அங்கிருந்து போயிருக்கிறது.